ரன்னிங் பேக்: பந்தை அணைத்துக்கொண்டு ஓடியவர்களின் நூறு வருடக் கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் சில வாரங்களிலேயே ஒன்றைக் கவனித்துவிடுகிறார்கள். மைதானத்தில் அதிகம் அடிவாங்குபவர்களில் ஒருவர், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ரொம்பக் கீழே இருக்கிறது. பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தால் ஒரு காலத்தில் இவர்களே ராஜாக்களாக இருந்ததும் தெரிகிறது. நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொல்லிவந்ததையும் இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

ரன்னிங் பேக்கின் வேலை என்ன?

பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். முன்னேற இரண்டு வழி உண்டு. குவார்ட்டர்பேக் பந்தை எறிய, இன்னொருவர் பிடிக்கலாம். இல்லையென்றால், குவார்ட்டர்பேக் பந்தைப் பக்கத்தில் வருபவரின் வயிற்றோடு அழுத்திக் கொடுக்க, அவர் அதை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு ஓடலாம். அப்படி ஓடுபவர்தான் ரன்னிங் பேக். கபடியில் ரெய்டு போனவர் கோட்டைத் தொட ஏழு பேருக்கு நடுவில் இடுக்குத் தேடுவார் அல்லவா? இவர் பதினொரு பேருக்கு நடுவில் தேடுகிறார். அதில் முன்னால் நிற்கும் சிலர் 130 கிலோவைத் தாண்டுவார்கள்.

ஓடுவது மட்டும் வேலை இல்லை. சில நேரம் அவரே பாஸ் பிடிக்க வேண்டும். சில நேரம் பந்தே கையில் இல்லாமல், குவார்ட்டர்பேக்கைத் தாக்க ஓடிவருபவரின் குறுக்கே போய் விழ வேண்டும். இந்த மூன்று வேலைகளில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

ஹாஃப்பேக், ஃபுல்பேக், டெயில்பேக் என்று ஏன் இத்தனை பெயர்கள்?

எல்லாம் நிற்கும் இடத்தை வைத்து வந்தவை. முன்வரிசைக்குப் பின்னால் கால்வாசி தூரத்தில் நின்றவர் குவார்ட்டர்பேக், பாதியில் நின்றவர் ஹாஃப்பேக், கடைசியில் நின்றவர் ஃபுல்பேக். டெயில்பேக் என்றால் வரிசையின் வால் பக்கம் நிற்பவர். இன்று ஃபுல்பேக் பெரும்பாலும் ஹாஃப்பேக்குக்கு முன்னால்தான் நிற்கிறார். இடம் மாறிவிட்டது, பெயர் அப்படியே தங்கிவிட்டது.

தொடக்கத்தில் ஓட்டம்தான் ஆட்டமா?

ஏறக்குறைய அப்படித்தான். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல் 1920ல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு கார் ஷோரூமில் கூடிய கூட்டத்தில் பிறந்தது. அன்றைய பந்து இன்றையதைவிடக் குண்டானது, எறிவதற்கு வாகாக இருக்காது. எறிபவர், பந்து வைக்கப்பட்ட கோட்டிலிருந்து ஐந்து யார்டாவது பின்னால் நிற்க வேண்டும் என்று விதி வேறு. 1933ல்தான் அந்த விதி தளர்ந்தது. ஆகவே பந்தை ஓடித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

தொழில்முறை ஆட்டத்தை அப்போது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. கல்லூரி ஆட்டத்துக்குத்தான் கூட்டம். அதை மாற்றியவர் ஒரு ஓட்டக்காரர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச், 1925 நவம்பரில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை முடித்த சில நாட்களிலேயே சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்தார். அணி அவரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடியது. நியூயார்க்கில் அவரைப் பார்க்க 70,000 பேர் அளவில் திரண்டார்கள், தள்ளாடிக்கொண்டிருந்த ஜயண்ட்ஸ் அணி நிமிர்ந்தது. ஆட்டத்தை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓடியவர்கள்தான். பின்னால் வரும் சம்பளப் பேச்சைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து எப்போது குவார்ட்டர்பேக்கின் கைக்குப் போனது?

ஆரம்ப கால அணிகள் பல சிங்கிள் விங் என்ற முறையில் ஆடின. அதில் நடுவிலிருப்பவர் பந்தை நேராக டெயில்பேக்கிடம் எறிவார். ஓடுவதா, எறிவதா, உதைப்பதா என்று முடிவு செய்ததும் செய்து முடித்ததும் அவரே. குவார்ட்டர்பேக் பெரும்பாலும் வழி மறிப்பவர்களைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

1940 டிசம்பர் 8 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் வாஷிங்டன் அணியை 73-0 என்று நொறுக்கியது. பேர்ஸ் ஆடியது டி ஃபார்மேஷன். அதில் குவார்ட்டர்பேக், முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரின் முதுகை ஒட்டி நின்று பந்தை நேரடியாகக் கையில் வாங்குவார். அப்புறம்தான் யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு. சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் இதற்கு மாறின.

வேடிக்கை என்னவென்றால், அந்த 73 புள்ளிகளில் முதல் டச்டவுனே (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) பில் ஓஸ்மான்ஸ்கி ஓடிய 68 யார்டு ஓட்டம். கூட்டம் கொண்டாடியது ஓட்டக்காரரை. ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவர் கையிலிருந்து அன்றே நழுவத் தொடங்கிவிட்டது.

கறுப்பின ஆட்டக்காரர்கள் எப்போது வந்தார்கள்?

ஆரம்பத்தில் சிலர் இருந்தார்கள். 1934 முதல் 1945 வரை ஒருவர்கூட இல்லை. எழுதாத தடை அது. 1946ல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபோது, அந்த நகரின் கலிசியம் மைதானத்தில் ஆட வேண்டுமென்றால் கறுப்பினத்தவரையும் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. கென்னி வாஷிங்டன், வூடி ஸ்ட்ரோட் இருவரையும் ராம்ஸ் எடுத்தது. அதே ஆண்டு, அப்போது வேறொரு லீகில் இருந்த கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியில் மேரியன் மாட்லி, பில் வில்லிஸ் சேர்ந்தார்கள்.

மாட்லி ஒரு ஃபுல்பேக். கல்லைப் போல நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பார், வாய்ப்புக் கிடைத்தால் நடுவழியே இடித்துக்கொண்டு போவார். பிரௌன்ஸ் என்எஃப்எல்லுக்கு வந்த முதல் ஆண்டான 1950ல் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். இன்று இந்த இடத்தில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தக் கதவைத் தோளால் திறந்தவர்களில் மாட்லியின் பெயர் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

ஜிம் பிரௌனைப் பற்றி ஏன் எல்லோரும் அப்படிப் பேசுகிறார்கள்?

எண்களைப் பாருங்கள். 1957 முதல் 1965 வரை ஒன்பது சீசன்கள் ஆடினார். எட்டில் லீகின் முதல் ஓட்டக்காரர் அவர்தான். மொத்தம் 12,312 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 5.2 யார்டு. ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. இத்தனைக்கும் அன்று சீசனுக்கு 12 ஆட்டங்கள், 1961 முதல் 14.

எனக்குப் பிடித்தது எண்களைவிட ஒரு பழக்கம். நான்கைந்து பேர் சேர்ந்து அவரை வீழ்த்துவார்கள். அவர் மெதுவாக, ஏதோ எலும்பு முறிந்தவரைப் போல, முழங்காலை ஊன்றி எழுந்து அணியை நோக்கி நடப்பார். அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் அதே வேகம். நிஜமாகவே அடிபட்ட நாளிலும் இதே நடைதான். எது வலி, எது பழக்கம் என்று எதிரணிக்குக் கடைசிவரை தெரியாது.

1966 கோடையில் லண்டனில் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பு நீண்டது. பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று அணி உரிமையாளர் சொன்னார். பிரௌன் ஓய்வை அறிவித்துவிட்டார். வயது 30. இந்தக் கதையில் உரிமையாளர் போட்ட கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் நேரத்தில் கிளம்பிப் போனவர்கள் மிகச் சிலர். அவர் அதில் முதல்வர்.

ஓட்டம் என்பது ஓடுபவரின் திறமையா, முன்வரிசையின் உழைப்பா?

இந்த இடத்தின் தலையெழுத்தே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960களில் வின்ஸ் லொம்பார்டி பயிற்றுவித்த கிரீன் பே பேக்கர்ஸ் ஒரே ஒரு ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடியது. ஸ்வீப் என்று பெயர். பந்து கிளம்பியதும் முன்வரிசையில் சென்டருக்கு இரு பக்கமும் நிற்கும் இரண்டு கார்டுகள், ஜெர்ரி கிரேமரும் ஃபஸி தர்ஸ்டனும், தங்கள் இடத்தை விட்டுப் பின்வாங்கிப் பக்கவாட்டில் ஓடுவார்கள். பின்னாலேயே பால் ஹார்னங் பந்தோடு வருவார், அவசரப்படாமல். முதல் கார்டு ஓரத்தில் நிற்பவரை வெளியே தள்ளுவார், இரண்டாமவர் உள்ளிருந்து வருபவரை உள்ளேயே அமுக்குவார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சந்து திறக்கும். ஹார்னங்கின் வேலை, சந்து திறக்கும்வரை காத்திருப்பது. என்ன வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும், அரங்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். அப்படியும் நிறுத்த முடியவில்லை.

அடுத்து 1973 டிசம்பர் 16, நியூயார்க், பனி படிந்த மைதானம். பஃபலோ அணியின் ஓ. ஜே. சிம்சன் அன்று 200 யார்டு ஓடி, ஒரே சீசனில் 2,000ஐத் தாண்டிய முதல் ஆள் ஆனார். மொத்தம் 2,003, அதுவும் 14 ஆட்டங்களில். ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்களைச் சந்திக்கப் போனபோது தன் முன்வரிசையினரையும் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். அவருடைய பிற்கால வாழ்க்கை (கொலை வழக்கில் விடுதலை, பின்னர் வேறொரு வழக்கில் சிறை) எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு அந்த அறையில் அவர் செய்தது சரியான காரியம்.

மூன்றாவது கதைதான் ரன்னிங் பேக்குகளுக்கு வினையாக முடிந்தது. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். டென்வர் பிராங்கோஸ் 1995 டிராஃப்டின் ஆறாம் சுற்றில், 196வது ஆளாக டெரல் டேவிஸை எடுத்தது. அவர் 1998ல் 2,008 யார்டு ஓடினார், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை இரண்டு முறை வென்று கொடுத்தார். 1999ல் முழங்கால் போயிற்று. அவர் இடத்தில் வந்த ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு இன்னொரு ஆறாம் சுற்று ஆள், மைக் ஆண்டர்சன், 1,487. 2002ல் கிளிண்டன் போர்ட்டிஸ் 1,508. முன்வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் கற்றுக்கொடுத்த முறை அப்படி: வரிசை முழுவதும் ஒரே பக்கம் நகரும், ஓடுபவர் இடைவெளியைக் கண்டதும் ஒரே ஒரு முறை காலை ஊன்றித் திரும்பி நேராகப் போக வேண்டும்.

இதைப் பார்த்த மற்ற அணிகளின் நிர்வாகிகள் "ஆள் யாராக இருந்தால் என்ன?" என்று முடிவு கட்டினார்கள். அது பாதி உண்மைதான். போர்ட்டிஸ் திறமைசாலி, டேவிஸ் இன்று ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சிறந்தவர்களின் கௌரவப் பட்டியலில், இருக்கிறார். ஆனாலும் மலிவாக ஆள் கிடைக்கும் என்ற எண்ணம் பரவிவிட்டது.

1978ல் என்ன நடந்தது?

விதிகள் மாறின. அதுவரை பாஸ் பிடிக்க ஓடுபவரைத் தற்காப்பு அணி வழியெல்லாம் இடித்துக்கொண்டே போகலாம். 1978 முதல் கோட்டிலிருந்து ஐந்து யார்டைத் தாண்டினால் தொடக் கூடாது. முன்வரிசை ஆட்கள் குவார்ட்டர்பேக்கைக் காக்கும்போது கைகளை நீட்டி, விரித்த உள்ளங்கையால் தள்ளலாம் என்றும் அனுமதி வந்தது. அதற்கு முந்தைய உலகம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? 1974 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில் மயாமியின் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸ் எறிந்தது மொத்தம் ஏழே ஏழு பாஸ். லேரி சோங்கா 145 யார்டு இடித்துத் தள்ளினார், மயாமி 24-7 என்று வென்றது.

விதி மாறியதும் ஓட்டம் உடனே செத்துவிடவில்லை. எரிக் டிக்கர்சனின் 2,105 யார்டு சாதனை 1984ல் வந்ததுதான், இன்றும் நிற்கிறது. ஆனால் கணக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. ஒரு ஓட்டத்துக்குச் சராசரி நான்கு யார்டுக்குச் சற்று மேல், ஒரு பாஸ் முயற்சிக்கு ஏழு யார்டு அளவில். பாஸ் எளிதாக எளிதாகப் பணமும் அந்தப் பக்கம் போயிற்று.

எர்ல் கேம்ப்பெல் பற்றி ஏன் கொஞ்சம் வருத்தத்தோடு பேசுகிறார்கள்?

1978ல் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணிக்கு வந்தவர். 1980ல் 1,934 யார்டு ஓடினார். விலகிப் போவதைவிட நேராக மோதுவதுதான் அவர் வழி. தொடைகள் மரத்தண்டு போல இருக்கும். மறுபடி மறுபடி பந்தை அவரிடமே கொடுத்தார்கள். எட்டு சீசன்களோடு முடிந்தது. பின்னாளில் முதுகிலும் முழங்கால்களிலும் அறுவை சிகிச்சைகள், ஊன்றுகோல், சக்கர நாற்காலி. அவருடைய பழைய ஓட்டங்களைப் பார்க்கும்போது கைதட்டத் தோன்றுகிறது, அடுத்த நொடியே மனசு கனக்கிறது. இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

எல்லோரையும்விடச் சிறந்தவர் யார்?

ஜிம் பிரௌனைத் தனியே வைத்துவிட்டால், என் மனதுக்கு நெருக்கமானவர் வால்டர் பேட்டன். சிகாகோ பேர்ஸ், 13 சீசன்கள், 16,726 யார்டு. இத்தனை ஆண்டில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். 1977 நவம்பர் 20 அன்று காய்ச்சலோடு களமிறங்கி மினசோட்டாவுக்கு எதிராக 275 யார்டு ஓடினார். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடித் தப்பிக்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது. தன்னை மடக்க வருபவரைத் தானே போய் இடிப்பார். 45 வயதில் காலமானார்.

பேரி சாண்டர்ஸ் வேறு ரகம். 173 சென்டிமீட்டர் உயரம்தான். டெட்ராய்ட்டின் சுமாரான அணியில் பத்து சீசன்கள். நான்கு பேர் சூழ்ந்துகொண்டால் ரசிகர்கள் எழுந்து நிற்பார்கள், அங்கேதான் அவருடைய ஆட்டமே தொடங்கும். டச்டவுன் போட்டால் ஆட்டம் பாட்டம் கிடையாது, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். 1999ல் பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டுதான் பாக்கி இருந்தது. தன் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்தச் சாதனையை முறியடித்தவர் டல்லஸின் எம்மிட் ஸ்மித், மொத்தம் 18,355. அவருக்கு அபாரமான முன்வரிசை இருந்தது, அதனால் சாதித்தார் என்று குறைத்துப் பேசுபவர்கள் 1994 ஜனவரி 2 ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் கால்பகுதியில் வலது தோள் மூட்டு விலகிவிட்டது. கை தொங்குகிறது. ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. அப்படியே கூடுதல் நேரம்வரை ஆடினார்: 32 ஓட்டங்கள், பிடித்த பாஸ் 10, மொத்தம் 229 யார்டு. டல்லஸ் 16-13 என்று வென்றது.

பாஸ் பிடிக்கும் ரன்னிங் பேக் என்பது புதிய விஷயமா?

இல்லை, ஆனால் அது முழுநேர வேலையானது 1980களில். சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ் சிறிய பாஸ்களையே ஓட்டத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தினார். அவருடைய ரோஜர் கிரெய்க் 1985ல் 1,050 யார்டு ஓடியும் 1,016 யார்டு பிடித்தும் காட்டினார். இரண்டிலும் ஒரே சீசனில் ஆயிரத்தைத் தொட்ட முதல் ஆள். பிறகு 1999ல் மார்ஷல் ஃபாக், 2019ல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி.

2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து 28-3 என்று பின்தங்கி, பிறகு 34-28 என்று வென்றது நினைவிருக்கும். அன்று ஜேம்ஸ் வைட் 14 பாஸ் பிடித்து 20 புள்ளி எடுத்தார். அவரும் ரன்னிங் பேக்தான்.

டிவியில் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பாஸ் வரும்போது பந்தைப் பார்க்காமல் ரன்னிங் பேக்கைப் பாருங்கள். பந்து கிளம்பும் முன்பே அவர் கண் எதிரணியின் நடுவரிசையை இடமிருந்து வலமாக அளந்துகொண்டிருக்கும். யார் குதிக்கப் போகிறார்கள் என்று ஊகித்து, ஒரே எட்டில் குறுக்கே போய், தன்னைவிட 15 கிலோ கூடுதல் எடையுள்ளவரின் நெஞ்சில் மோதி நிற்பார். குவார்ட்டர்பேக்குக்கு ஒரு நொடி கிடைக்கும். பாஸ் போய்விடும், கைதட்டல் அங்கே போய்விடும். இளம் ஓட்டக்காரர்கள் பலர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஓடத் தெரியாமல் அல்ல, இது வராததால்.

ஒரு யார்டு தூரத்தில் ஏன் மார்ஷான் லின்ச்சிடம் பந்தைக் கொடுக்கவில்லை?

2015 பிப்ரவரி 1. சூப்பர் பௌல். சியாட்டில் 24-28 என்று பின்தங்கியிருக்கிறது, இன்னும் ஒரு யார்டு போனால் வெற்றி, அரை நிமிடம்கூட மீதமில்லை. முந்தைய முயற்சியில் லின்ச் நான்கு யார்டு இடித்துக்கொண்டு போய் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். 2011 ஜனவரியில் அவர் ஓடிய 67 யார்டு ஓட்டத்துக்கு அரங்கம் குதித்த குதியில் பக்கத்திலிருந்த நில அதிர்வுக் கருவியே பதிவு செய்தது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாஸ் எறிந்தார்கள். நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் அதைப் பறித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தது.

பாஸ் விழுந்தால் கடிகாரம் நிற்கும், இன்னும் இரண்டு முயற்சி கைவசம் இருக்கும், எதிரே ஓட்டத்தைத் தடுக்கும் கனமான ஆட்கள் நின்றார்கள் என்று பயிற்சியாளர் பீட் கேரல் பக்கமும் நியாயம் சொல்லலாம். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு யார்டு என்றால் அது லின்ச்சின் யார்டு.

சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு?

திறமைக் குறைவால் அல்ல, ஒப்பந்த விதிகளால். 2011 ஒப்பந்தப்படி புதிதாக வருபவரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. நான்கு ஆண்டுகள் கட்டுப்பட வேண்டும், முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் ஃபிரான்சைஸ் டேக் என்று ஒன்று: ஒரு ஆண்டுச் சம்பளத்தை நிர்ணயித்து அவரை வேறு அணிக்குப் போகவிடாமல் நிறுத்தலாம், அடுத்த ஆண்டும் அதையே செய்யலாம். 22 வயதில் வந்தவருக்கு இதெல்லாம் முடியும்போது 28, 29.

குவார்ட்டர்பேக்குக்கு 29 என்றால் நடுப்பகல். ரன்னிங் பேக்குக்கு அது பெரும்பாலும் மாலை. உடம்பு நன்றாக இருக்கும் ஆண்டுகள் எல்லாம் மலிவு விலையில் போய்விடுகின்றன. விலை பேசும் உரிமை வரும்போது "தேய்ந்த ஆள்" என்கிறார்கள். கறிவேப்பிலை கதைதான்.

எதிர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. பிட்ஸ்பர்கின் லெவியான் பெல் 2018ல் சுமார் 1 கோடியே 45 லட்சம் டாலர் டேக்கில் கையெழுத்திட மறுத்து சீசன் முழுவதும் வெளியே இருந்தார். அதே ஆண்டு ராம்ஸ் அணி டாட் கர்லிக்கு நான்கு ஆண்டு நீட்டிப்பாக 5 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2020 மார்ச்சில், 25 வயதில், விடுவித்துவிட்டார்கள். அவரைக் காட்டிக்காட்டியே அடுத்தவர்களுக்குக் கையை விரித்தன அணிகள்.

2023ல் பொறுமை போய்விட்டது. சகான் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்ட் மூவருக்கும் டேக். தொகை 1 கோடியே 91 ஆயிரம் டாலர். ஜேக்கப்ஸ் அதற்கு முந்தைய சீசனில்தான் 1,653 யார்டு ஓடி லீகில் முதலிடம் பிடித்திருந்தார். ஜூலையில் முன்னணி ஓட்டக்காரர்கள் ஜூமில் கூடிப் பேசினார்கள். பேசி என்ன செய்வது? டேக் தொகை அந்த இடத்தில் ஆடுபவர்களின் உச்சச் சம்பளங்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. உச்சம் இறங்கினால் டேக்கும் இறங்கும், டேக் இறங்கினால் உச்சமும் ஏறாது.

ஃபுல்பேக்குகள் எங்கே போனார்கள்?

மூன்றாவது பாஸ் பிடிப்பவர் உள்ளே வர, இவர்கள் வெளியே போனார்கள். பல அணிகளில் இன்று ஃபுல்பேக்கே கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் கைல் யூஸ்செக்கை ஆட வைத்தே ஒரு பெரிய திட்டம் ஓடியது, அது விதிவிலக்கு.

ரன்னிங் பேக் திரும்பி வந்துவிட்டாரா?

2024ஐப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. நீண்ட பாஸ்களைத் தடுக்க எதிரணிகள் கனமான ஆட்களைக் குறைத்து வேகமானவர்களைச் சேர்த்தன, இரண்டு பேரை ஆழத்தில் நிறுத்தின. முன்னால் ஆள் குறைந்தது. ஓடுவதற்கு இடம் பிறந்தது.

நியூயார்க் ஜயண்ட்ஸ் போகவிட்ட பார்க்லியை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்று ஆண்டுக்கு 3 கோடியே 77.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. நவம்பர் 3 அன்று ஜாக்ஸன்வில்லுக்கு எதிராக ஒரு சின்ன பாஸைப் பிடித்து, ஒருவரை ஏமாற்றி, ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்தபோது முதுகு எதிராளியின் பக்கம். அப்படியே, பின்னால் பார்க்காமலே எம்பி, அவர் தலைக்கு மேலே தாண்டிவிட்டார். அவருடைய அணியினரே தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

சீசன் முடிவில் 2,005 யார்டு. டிக்கர்சனின் சாதனைக்கு நூறு யார்டு பாக்கி, ஒரு ஆட்டம் கைவசம். அடுத்து வரும் பிளேஆஃப் (பட்டத்துக்கான நாக்அவுட் ஆட்டங்கள்) முக்கியம் என்று அணி அவரை உட்கார வைத்தது, அவரும் முரண்டு பிடிக்கவில்லை. 2025 பிப்ரவரி 9, அவருடைய 28வது பிறந்தநாளில், ஈகிள்ஸ் சூப்பர் பௌலை 40-22 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் கன்ஸாஸ் சிட்டி முழுக்கவனத்தையும் அவர்மீது வைத்தது. 25 ஓட்டங்களில் 57 யார்டுதான் கிடைத்தது. அதனால் மற்றவர்களுக்கு வழி திறந்தது. அடுத்த மாதமே அவருக்கு இரண்டு ஆண்டுக்கு 4 கோடியே 12 லட்சம் டாலர் நீட்டிப்பு. ஆண்டுக்கு இரண்டு கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர்.

அதே சீசனில் டெரிக் ஹென்றி 30 வயதில் பால்டிமோருக்குப் போய் 1,921 யார்டு ஓடினார். 2025 டிராஃப்டில் ஆஷ்டன் ஜென்ட்டியை லாஸ் வேகஸ் ஆறாவது ஆளாக எடுத்தது. 2013, 2014 டிராஃப்டுகளின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எடுக்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம். ஆனால் டேக் விதி அப்படியே இருக்கிறது. குவார்ட்டர்பேக்குகள் ஆண்டுக்கு 5, 6 கோடி டாலர் வாங்குகிறார்கள்.

புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பேட்டனின் 275 யார்டு ஆட்டம், ஸ்மித்தின் ஒற்றைத் தோள் ஆட்டம், சாண்டர்ஸின் எந்தத் தொகுப்பானாலும் சரி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஓடுபவரை. இரண்டாம் முறை வீடியோவின் வேகத்தைக் குறைத்து, பந்து கைக்கு வந்த கணத்தில் நிறுத்திவிட்டு, எந்த இடுக்கில் போவார் என்று நீங்களே விரலை வையுங்கள். அப்புறம் ஓட விடுங்கள். சாண்டர்ஸ் விஷயத்தில் நான் இன்றுவரை சரியாக வைத்ததில்லை.